செத்தவள் போட்ட தேதி

அத்தியாயம் 5

காலை ஒன்பது மணிக்கே அந்த வீட்டுக்குள் ஒரு மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

சத்தம் மாடி அறையிலிருந்து வந்தது. புஸ் என்று ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம். மறுபடி புஸ். வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த கிட்டுசாமி குனிந்த தலையை நிமிர்த்தினார்.

"மேல யாருங்க?"

"யாரும் இல்ல," என்றார் மகாதேவன். "உள்ள வாங்கோ."

கிட்டுசாமி கோபிச்செட்டிபாளையம் பக்கம் முப்பத்தொரு வருஷம் ஏட்டாக இருந்தவர். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. நியூஜெர்ஸி பிஸ்கட்டவேயில் மகன் வீட்டில் சும்மா உட்காரத்தான் வந்தார். ஆறு வருஷமாக உட்காரவிடாமல் யாராவது ஏதாவது ஒரு வில்லங்கத்தோடு வருகிறார்கள். மருமகள் வான்மதிக்கு மருந்து கம்பெனி வேலை போய் ஐந்து மாதம். கார் ஓட்டுவது, இங்கிலீஷ் படிப்பது, வாயாடுவது மூன்றும் அவள் பொறுப்பு.

"யாரும் இல்லாத ரூம்ல மெஷின் எதுக்கு அங்கிள் ஓடுது?" என்று கேட்டாள் வான்மதி.

"என் ஆத்துக்காரி மீனாக்ஷி இங்க இருந்தப்போ வச்ச ஆக்ஸிஜன் மெஷின். கம்பெனிக்காரன் எடுத்துண்டு போக வரல. நானும் கூப்பிடல." மகாதேவன் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுபத்து நாலு வயது. முகச்சவரம் செய்து நாலு நாள் இருக்கும். "தினம் காலம்பற போட்டுடுவேன். அது ஓடலேன்னா வீட்டுல சத்தம் ஜாஸ்தியாயிடறது."

வான்மதி மாடிப்படியைப் பார்த்தாள். 

மகாதேவன் மேஜை மேல் ஒரு காகிதத்தை வைத்து, அதன் மேல் விரலை வைத்தார். "இதுக்குத்தான் கூப்பிட்டேன். என் ஆத்துக்காரி போனது ஜூலை முப்பத்தொண்ணு. இதுல தேதியைப் பாருங்கோ."

ஆகஸ்ட் 28 என்று சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தது. மேலே டைப் அடித்த இங்கிலீஷ். கீழே நீல மையில், தமிழில், 'மீனாக்ஷி மகாதேவன்'.

"செத்து இருபத்தெட்டு நாள் கழிச்சு கையெழுத்துப் போட்டிருக்கா," என்றார் மகாதேவன். "அவ கையெழுத்துதான். கடைசி எழுத்துல வாலை இழுத்து மேல கொண்டு போவா. அதுவும் இருக்கு."

"என்ன எழுதியிருக்கு அம்மிணி?"

வான்மதி படித்தாள். "ஆகையால் இந்தப் படுக்கைகளுக்கு அனுமதி கொடுக்கும்படி ஸ்டேட்டைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று எனக்குத் தேவை. அவ்வளவுதான் மாமா. மேல ஒரு வாக்கியம் பாதியில ஆரம்பிக்குது."

"செத்தவளுக்கு எதுக்கு ஓய் படுக்கை?" என்றார் மகாதேவன். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. மாடியைப் பார்த்துக் கேட்டார்.

விஷயம் இதுதான். பக்கத்து எடிசனில் நுரையீரல் டாக்டர் முகுந்த், மூச்சு மெஷினில் இருக்கும் நோயாளிகளுக்காக இருபது படுக்கையோடு ஒரு நர்ஸிங் ஹோம் கட்டப் பார்க்கிறார். சொந்த இடமும் சொந்தப் பணமும் இருந்தால் போதாது. இந்த ஊருக்கு இது தேவைதான் என்று நியூஜெர்ஸி ஸ்டேட் ஒரு சான்று கொடுக்க வேண்டும். சர்டிஃபிகேட் ஆஃப் நீட் என்பார்கள். ஜனங்கள் கடிதம் எழுதலாம். ஏற்கெனவே இதே தொழிலில் இருப்பவன் வந்து, தேவை இல்லை என்றும் சொல்லலாம். இட்லிக்கடைக்காரனைக் கூப்பிட்டு, எதிரில் இன்னொரு இட்லிக்கடை வரலாமா என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? அதையேதான் கோட்டுப் போட்ட வக்கீலை வைத்துச் சொல்வார்கள்.

"டெக்ஸாஸ்ல இந்தச் சட்டமே இல்ல மாமா," என்றாள் வான்மதி. "பிளானோல எங்க அக்கா வீட்டுப் பக்கம், டோல்வே எக்ஸிட்டுக்கு ஒரு ஹாஸ்பிடல். எதுக்குத் திறந்தாங்கன்னு திறந்தவங்களுக்கே தெரியாது."

"இந்தக் காயிதம் உங்க கைக்கு எப்படிங்க வந்துச்சு?"

"எதிர்த்தரப்பு வக்கீல் அனுப்பிச்சார். இன்னிக்கு மத்தியானம் ஒண்ணரை மணிக்கு ட்ரெண்டன்ல, ஸ்டேட் போர்டு முன்னால ஹியரிங். நான் எழுந்து நின்னு, இது ஃபோர்ஜரின்னு சொன்னாப் போறுமாம். அதோட அந்த அப்ளிகேஷன் க்ளோஸ்." மகாதேவன் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த டாக்டர் அவளைப் பாத்தவன். சாவுக்கு வந்து என் கையைப் பிடிச்சுண்டு அழுதான். அப்புறம் போய் அவ பேர்ல இப்படிப் பண்ணியிருக்கான்னா, சொல்லத்தான் போறேன். ஆனா கையெழுத்து அவளோடது. ராத்திரியெல்லாம் அதையே பாத்துண்டிருக்கேன். எது நெஜம்னு தெரியாம அந்த மைக் முன்னால போய் நிக்க என்னால முடியாது."

போன் அடித்தது. மகாதேவன் எடுத்தார். அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டபடியே ரப்பர் பேண்ட் போட்டிருந்த பஞ்சாங்கத்தை இழுத்துப் புரட்டினார்.

"மில்பிடாஸா? கலிபோர்னியான்னா உங்க ஊர் டைமுக்குப் பாக்கணும். இல்ல, இப்ப வேண்டாம். மார்கழி பொறக்கப் போறது. தை பத்து தேதிக்கு மேல கூப்பிடுங்கோ."

வைத்துவிட்டார்.

"யாருங்க?"

"தெரியாது. ஏதோ காரியமாம், நாள் கேட்டார். அமெரிக்காவுல இந்தக் கரை, அந்தக் கரை, நம்மவா எல்லாம் கூப்பிடுவா. யாரு, எதுக்குன்னு நான் கேக்கறதில்ல. கேட்டா மனசு ஒரு பக்கம் சாயும். நாளைப் பாக்கறவன் ஆளைப் பாக்கக் கூடாது."

கிட்டுசாமி காகிதத்தைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கீழ் ஓரத்தில் பொடியாக இருந்த இரண்டு எண்களைக் காட்டினார். "இது என்ன அம்மிணி?"

"ரெண்டு பக்கத்துல ரெண்டாவது பக்கம்னு அர்த்தம்."

"மொதப் பக்கம் எங்கீங்க?"

மகாதேவன் விழித்தார். "வக்கீல் இது ஒண்ணைத்தான் அனுப்பினார்."

"தலை இல்லாத முண்டத்தை அனுப்பி அடையாளம் காட்டச் சொல்றான்," என்றார் கிட்டுசாமி. "நீங்க ட்ரெண்டன் போங்க. நாங்க தலையைத் தேடிக்கிட்டு வர்றோம். நாங்க வர்ற வரைக்கும் வாயைத் தொறக்காதீங்க."

படி இறங்கும்போதும் மேலே மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகும் வான்மதிக்கு அது கேட்டது. ஹீட்டரை அணைத்துப் பார்த்தாள். ஹீட்டர் இல்லை.

"பேய் வீடு மாமா அது," என்றாள்.

"பேய் இருந்தாப் பரவாயில்ல அம்மிணி. அந்த வீட்டுல அது இல்லைங்கறதுதான் அவருக்குப் பிரச்சனை."

ஓக் ட்ரீ ரோட்டில் எப்போதும்போல் நெரிசல். புடவைக்கடை, நகைக்கடை, சமோசாக்கடை, நடுவில் ஒரு வரி ஆபீஸ், அதற்கு மேல் மாடியில் டாக்டர் முகுந்தின் கிளினிக்.  வழியெல்லாம் வான்மதிதான் அதிகம் பேசினாள்.

"உங்க தியரி என்ன மாமா? டாக்டர் கள்ளக் கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"டாக்டர், வக்கீல், வீடு விக்கறவன், இந்த மூணு பேரையும் நம்பக் கூடாது."

"லிஸ்ட்ல போலீஸ் இல்லையா?"

"போலீஸை நம்பக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். தனியா எதுக்குச் சொல்லணும்?"

கிளினிக்கில் முன் மேஜையில் தீக்ஷா என்ற பெண் இருந்தாள். இங்கேயே பிறந்தவள். கிட்டுசாமி தமிழில் கேட்டதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. பதில் மட்டும் இங்கிலீஷில் வந்தது. டாக்டர் பிஸி என்றாள். அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் பார்க்க முடியாது என்றாள். கிட்டுசாமி அந்த இரண்டாவது பக்கத்தை அவள் முன்னால் வைத்தார். அவள் அதைப் பார்த்து, உதட்டைக் கடித்து, எழுந்து உள்ளே போனாள்.

"போலீஸ்னு சொல்லியிருந்தாக் கூட இவ்வளவு வேகமா எழுந்திருக்க மாட்டா," என்றாள் வான்மதி.

டாக்டர் முகுந்துக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மேஜையில் ட்ரெண்டனுக்கு எடுத்துப் போக வேண்டிய ஃபைல் தயாராக இருந்தது. கோட்டும் நாற்காலியில் தொங்கியது. அவரும் தூங்கவில்லை என்று கண் சொன்னது.

"மகாதேவன் அங்கிள் அனுப்பினாரா?" என்றார்.

"நானாத்தான் வந்தேனுங்க. இந்தக் காயிதத்தோட மொதப் பக்கம் வேணும்."

"இதுல இருக்கு," என்று டாக்டர் ஃபைலை அவர்கள் பக்கம் தள்ளினார். கிட்டுசாமி படிக்கவில்லை. புரட்டினார். இருபத்து நாலு கடிதங்கள். ஒவ்வொன்றிலும் கையெழுத்துக்கு மேல் அதே சிவப்பு ஸ்டாம்ப்.

"ஆகஸ்ட் 28, ஆகஸ்ட் 28, ஆகஸ்ட் 28," என்று எட்டிப் பார்த்தாள் வான்மதி. "இருபத்து நாலு பேருக்கும் ஒரே நாள்ல தோணியிருக்கு. எங்க வீட்டுல நாலு பேருக்கு ஒரே நாள்ல உப்புமா கூடத் தோணாது."

கிட்டுசாமி ஃபைலின் முதல் தாளுக்கு வந்து நின்றார். அதன் நாலு மூலையையும் கட்டை விரலால் தடவினார். விரலை மூக்குக்கிட்டக் கொண்டு போனார். நாலு மூலையிலும் வெளிறிய மஞ்சள் பொட்டு.

"சர்க்கார் பேப்பருக்கு மஞ்சள் வச்சிருக்கீங்க."

டாக்டர் அந்தப் பொட்டுகளைப் பார்த்தார்.

"கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பாங்க. புதுக் கணக்கு நோட்டுக்கு வைப்பாங்க. அப்போ இது முகூர்த்தம் பாத்துப் போட்ட ஃபைல். ஆகஸ்ட் 28 யாரும் எழுதின நாள் இல்லீங்க, ஃபைலைக் கொண்டு போய்க் குடுத்த நாள். அதையே எல்லாக் கடுதாசிக்கும் குத்திட்டீங்க. சரிங்களா?"

முகுந்த் நாற்காலியில் சாய்ந்தார். "தேதி இல்லாத லெட்டர் செல்லாதுன்னு கன்சல்டன்ட் சொன்னார். நிறைய பேர் தேதி போடாமலே குடுத்திருந்தாங்க. ஃபைல் பண்ற அன்னிக்குக் காலையில தீக்ஷாவை எல்லாத்துலயும் ஸ்டாம்ப் போடச் சொன்னேன். இருபத்து நாலுல ஒருத்தங்க அதுக்குள்ள போயிட்டாங்கன்னு அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியுமில்ல."

"தெரியும். எடுத்திருக்கணும். எடுக்க மனசு வரலை." அவர் குரல் இறங்கியது. "அந்த ஃபைல்ல மத்ததெல்லாம் நம்பர் சார். எத்தனை பேஷன்ட், எத்தனை மைல். எல்லாக் கம்பெனிக்காரனும் எழுதுவான். அந்த ஒரு லெட்டர்தான் மனுஷங்க எழுதினது."

"எப்ப எழுதினாங்க?"

"ஜூன் கடைசில."

"நீங்க சொல்றீங்க. நான் எப்படி நம்பறது?"

 டாக்டர் மேஜையின் அடி டிராயரைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அந்த அம்மாவுக்குத் தொண்டையில குழாய். பேச முடியாது. தமிழ்ல எழுதிக் குடுத்தாங்க. நாங்க இங்கிலீஷ்ல டைப் அடிச்சு எடுத்துட்டுப் போய்க் கையெழுத்து வாங்கினோம். ஒரிஜினலை அவர்கிட்டக் காட்டக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

"அவங்க எங்க இருந்தாங்க அப்போ?" என்று கேட்டாள் வான்மதி.

"சவுத் ஜெர்ஸில. டெலவேர் பாலத்துக்குக் கிட்ட. மூச்சு மெஷினோட எடுத்துக்கற ஹோம்ல அங்கதான் அன்னிக்குப் படுக்கை காலியா இருந்தது. இங்கிருந்து ரெண்டு மணி நேரம். அந்த ஹோமை நடத்தற கம்பெனிதான் இன்னிக்கு ட்ரெண்டனுக்கு வந்து, இங்க தேவையில்லைன்னு சொல்லப்போறது."

"சத்தியம் நீங்கதான் பண்ணீங்க," என்று கையை நீட்டினார் கிட்டுசாமி. "நான் பண்ணலீங்க."

முகுந்த் கொடுத்தார். நிம்மதியாகக் கொடுத்தது போலத்தான் இருந்தது.

கிட்டுசாமி அந்தத் தாளைப் பிரித்து, எழுத்துப் பக்கத்தை விட்டுவிட்டு, திருப்பினார்.

"மாமா, லெட்டர் அந்தப் பக்கம்."

"கடுதாசியை எல்லாரும் முன்னால படிப்பாங்க அம்மிணி. ஏட்டு பின்னால படிப்பான். என்ன போட்டிருக்கு?"

பின்பக்கம் அச்சடித்த கட்டங்கள். ஏழு நாள், மூன்று வேளை. வான்மதி படித்தாள். "அந்த ஹோமோட சாப்பாட்டு மெனு. சிக்கன், மீன், மாட்டிறைச்சி. எல்லாத்தையும் பேனாவால அடிச்சிருக்காங்க. ஏழு நாளும் உருளைக்கிழங்கு மசியலை மட்டும் வட்டம் போட்டிருக்காங்க." அவள் நிறுத்தினாள். "மூணு இடத்துல தமிழ்ல 'தயிர்?'னு எழுதியிருக்காங்க மாமா. கேள்விக்குறியோட."

"குழாய் போட்டவங்க எப்படிங்க சாப்பிடுவாங்க?"

"கொஞ்சம் முழுங்க முடிஞ்சது அவங்களால," என்றார் டாக்டர்.

"மேல தேதி இருக்குதா?"

"ஜூன் 22 லேருந்து 28 வரைக்கும்."

கிட்டுசாமி தலையாட்டினார். வாரத்துக்கு ஒரு மெனு அச்சடிப்பான். அடுத்த வாரம் குப்பைக்குப் போகும். டாக்டர் பொய் சொல்லலாம், ஸ்டாம்ப் பொய் சொல்லலாம், குப்பைக்குப் போக வேண்டிய காகிதத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. கடிதம் நிஜம். எழுதியபோது அவள் உயிரோடு இருந்தாள். டாக்டர் திருடன் இல்லை. இது கிட்டுசாமிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"அப்போ கேஸ் முடிஞ்சுது," என்று எழுந்தாள் வான்மதி.

கிட்டுசாமி எழவில்லை. "ஜூன்ல கடுதாசி கைக்கு வந்துச்சு. ஆகஸ்ட் 28 வரைக்கும் எதுக்குங்க வச்சிருந்தீங்க?"

"ஜூலை பதினெட்டே ஃபைல் ரெடி. எங்க அம்மா போடக் கூடாதுன்னுட்டா. முந்தின நாள்தான் ஆடி பொறந்திருந்தது. நான் நுரையீரல் டாக்டர் சார், எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா அப்பா காலமான வருஷத்துலேருந்து அம்மா பேச்சைத் தட்டறதில்ல. நாள் பாத்துக் குடுக்கறவர் ஒருத்தர்கிட்ட அம்மாவே போன் பண்ணிக் கேட்டா. ஆகஸ்ட் 28, வளர்பிறை வியாழக்கிழமை, பத்தரையிலேருந்து பதினொண்ணுக்குள்ளன்னு அவர்..."

டாக்டர் நிறுத்திவிட்டார். மேஜையைப் பார்த்தார்.

கிட்டுசாமியும் மேஜையைத்தான் பார்த்தார். அவருக்கு அங்கே ஒரு பஞ்சாங்கம் தெரிந்தது. காலையில் மகாதேவன் புரட்டிய, ரப்பர் பேண்ட் போட்ட பஞ்சாங்கம்.

"அவருக்குத் தெரியுமா?" என்று மெல்லக் கேட்டார்.

"தெரியாது. யாரு, எதுக்குன்னு அவர் கேக்கவே இல்லையாம்."

கார் ட்ரெண்டன் போகும் ஒண்ணாம் நம்பர் ரோட்டில் இறங்கியதும் வான்மதி ஆரம்பித்தாள். 

"சொல்ல வேண்டாம் மாமா. லெட்டர் நிஜம், ஸ்டாம்ப் ஆபீஸ்ல குத்தினது. அதோட நிறுத்திக்கலாம். அந்த நாளைக் குறிச்சது யாருன்னு அவருக்கு எதுக்கு?"

"அந்த மனுஷன் நாலு மாசமா காலி ரூமுக்குக் காத்து அடிச்சுக்கிட்டு இருக்காரு. பாதி சொன்னா மீதியைத் தேடி அதே ரூமுக்குத்தான் போவாரு."

"தாங்குவாரா?"

"தெரியாது. தாங்க மாட்டாருன்னு நாம முடிவு பண்றதுக்கு நாம யாரு?" சீட் பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஏட்டா இருக்கும்போது நானும் ரெண்டு பேருகிட்டப் பாதி சொல்லியிருக்கேன் அம்மிணி. ரெண்டும் நல்லா இல்ல."

ட்ரெண்டனில் அந்தக் கட்டடத்தின் நடைபாதை நீளமாக, ஆஸ்பத்திரி நடைபாதை போலவே இருந்தது. மகாதேவன் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாம்பல் கோட்டுப் போட்ட வக்கீல், தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன் போலத்தான் இருந்தார். வக்கீல்கள் தேவைப்படும்போது அப்படித்தான் இருப்பார்கள்.

"மணி ஒண்ணு ஐம்பது," என்றாள் வான்மதி. "வியாழக்கிழமை ஒண்ணரைலேருந்து மூணு ராகு காலம். சர்க்கார் யார்கிட்டயும் நாள் கேக்கல."

"அதை அவர் முன்னால சொல்லாதே."

கிட்டுசாமி வக்கீலைப் பார்த்துக் கும்பிட்டு, கதவுப் பக்கம் கையைக் காட்டினார். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் இடத்தைக் காலி பண்ணச் சொல்ல அவருக்குத் தெரியும். வக்கீல் சிரித்தபடி நகர்ந்தார். கிட்டுசாமி பெஞ்சில் உட்கார்ந்து, நாலாக மடித்த தாளை மகாதேவன் மடியில் வைத்தார்.

"மொதப் பக்கத்துக்கு மூலமுங்க. அவங்க கைப்பட எழுதினது."

மகாதேவன் பிரித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை முகத்துக்குக் கிட்டக் கொண்டு போனார். உதடு அசைந்தது.

'ஐயா, எனக்கு வயது அறுபத்தொன்பது. தொண்டையில் குழாய் இருப்பதால் பேச்சு இல்லை. இங்கே எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். குறை சொல்ல இதை எழுதவில்லை. என் வீட்டுக்காரருக்கு எழுபத்து நாலு வயது. தினமும் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வருகிறார், இரண்டு மணி நேரம் ஓட்டிப் போகிறார். கண்ணில் புரை. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால் தள்ளிப் போடுகிறார், அன்றைக்கு என்னைப் பார்க்க வர முடியாதாம். லாரி ஓடும் ரோடு அது. அவர் கிளம்பிப் போனதிலிருந்து மறுநாள் வந்து நிற்கும்வரை, இந்த ஜன்னலிலிருந்து பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு மூச்சு நின்றுபோவதில் பயம் இல்லை. அவர் ஒருநாள் வராமல் போனால் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அதுதான் பயம். எங்கள் ஊருக்குப் பத்து நிமிஷத்தில் இருக்கும்படி ஒரு படுக்கை வேண்டும். அதற்குள் நான் போய்விட்டால், எனக்கு அடுத்து வருகிறவளுக்குக் கொடுங்கள். அவளுக்கும் வீட்டுக்காரர் இருப்பார்.'

மகாதேவன் இரண்டு தடவை படித்தார். தாளைத் திருப்பி, மெனுவைப் பார்த்தார். 'தயிர்?' என்று இருந்த இடத்தில் விரல் நின்றது.

"கேட்டிருக்கா," என்றார். "எங்கிட்ட எழுதிக் காட்டியிருந்தா ஒரு டப்பால கொண்டு போயிருப்பேனே. அதைச் சுமந்துண்டு வருவேன்னுதான் சொல்லல போலிருக்கு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவ எழுதினதுதான். முகுந்த் தப்புப் பண்ணல. அப்போ அந்தத் தேதி?"

"ஃபைல் போட்ட அன்னிக்கு எல்லாக் கடுதாசிலயும் ஸ்டாம்ப் குத்திட்டாங்க. செத்துப் போனவங்க கடுதாசியும் அதுல மாட்டிக்கிச்சு."

"ஜூன்ல எழுதினதை ஆகஸ்ட் வரைக்கும் வச்சிருந்தானா? ஏன்?"

வான்மதி மாமாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். கிட்டுசாமி திரும்பவில்லை.

"ஜூலை பதினெட்டு வாக்குல உங்களுக்கு ஒரு போன் வந்துச்சுங்களா? எடிசன்லேருந்து, ஒரு அம்மா. பையன் ஏதோ அப்ளிகேஷன் போடறான், நாள் வேணும்னு."

மகாதேவன் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் கையில் இருந்த தாள் மெல்லக் கீழே இறங்கியது.

"ஒரு மாமி," என்றார். "பார்க்கிங்ல கார் கதவைப் பூட்டிண்டிருந்தேன். ஹோமுக்கு வெளியில. ஆடியாச்சே, ஒண்ணும் தொடங்க வேண்டாம்னேன். அங்கேயே நின்னுண்டு, பஞ்சாங்கத்தை கார் மேல வச்சுப் பாத்து, ஆவணியில ஒரு நாள் குடுத்தேன். பத்து நிமிஷம் ஆச்சு." நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார்.  "அவ மேல ஜன்னல்லேருந்து பாத்துண்டிருந்திருப்பா."

நடைபாதையில் யாரோ காபி மெஷினைத் தட்டினார்கள்.

"அன்னிக்கே போட்டிருந்தா..."

"படுக்கை கிடைச்சிருக்காதுங்க," என்றார் கிட்டுசாமி. "பதிமூணு நாள்ல சர்க்கார் யாருக்கும் எதுவும் குடுக்காது. கட்டடமே இன்னும் எழும்பல. அதுல உங்க பங்கு ஒண்ணும் இல்ல."

"அது தெரியும் ஓய். நான் கேக்கறது அது இல்ல. அன்னிக்கே போட்டிருந்தா, அவ மூச்சு விட்டுண்டிருக்கறப்பவே அவ பேச்சு இங்க வந்து சேர்ந்திருக்குமா, இல்லையா?"

கிட்டுசாமிக்கு ஒரு பொய் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார்.

"சேர்ந்திருக்குமுங்க."

மகாதேவன் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

உள்ளே கதவு திறந்தது. ஒரு பெண் பட்டியலைப் பார்த்து, மகாதேவன் பெயரைத் தப்புத் தப்பாகக் கூப்பிட்டாள். வக்கீல் வந்து அவர் முழங்கையைப் பிடித்து எழுப்பினார். காதில் ஏதோ சொன்னார். இரண்டாவது பக்கத்தின் நகல் ஒன்றை, சிவப்புத் தேதி மேலே தெரியும்படி மடித்து, அவர் கையில் திணித்தார்.

மகாதேவன் பழக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு பத்து. ஒரு கணம் நின்றார்.  அவர் கடிகாரத்தைக் கழற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார்.

அவர்களும் பின்னால் போய் கடைசி வரிசையில் நின்றார்கள். முன்னால் நீள மேஜைக்குப் பின் போர்டுக்காரர்கள் ஒன்பது பேர். முகுந்த் ஒரு ஓரத்தில் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். மைக் கொஞ்சம் உயரமாக இருந்தது. யாரோ தாழ்த்தினார்கள். ஒருவருக்கு மூன்று நிமிஷம் என்றார்கள். மகாதேவன் முப்பது வருஷம் இந்த நாட்டில் இங்கிலீஷ் பேசியவர். இப்போது ஒரு வார்த்தைக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

அந்த மூச்சுச் சத்தம் வான்மதிக்கு மறுபடி கேட்டது. இந்தத் தடவை அது மகாதேவனுடைய மூச்சு. மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டு போனது.

"இது ஃபோர்ஜரின்னு சொல்லத்தான் என்னை இங்க அழைச்சுண்டு வந்தா," என்றார் இங்கிலீஷில். வக்கீல் கொடுத்த நகலை மேஜை மேல் வைத்தார். அதன் மேல் மெனுத் தாளை, எழுத்து மேலே தெரியும்படி வைத்தார்.

"கடிதம் என் மனைவியோடது. தேதி மட்டும் என்னோடது. மீதி ரெண்டரை நிமிஷம் இருக்கு. அவ எழுதினதை நான் படிக்கறேன்."